பெருக்கினால் ஒன்று, வகுத்தால் ஒன்று



இந்த மாதம் என் மேஜைக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கை எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கேள்வி அதைவிட அழகு.

“மாமா, எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் கை வெந்துவிடும், அவ்வளவு சூடு. பூஜை அறையில் இருக்கும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. மின்தடையால்தான் சூடு வருகிறது என்று டீச்சர் சொன்னார்கள். அப்படியானால் இஸ்திரிப் பெட்டிக்குத்தானே மின்தடை அதிகம்? அண்ணன் இல்லவே இல்லை என்கிறான். ஒரு மாம்பழம் பந்தயம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.”

சபாஷ் கண்ணு! டீச்சர் சொன்னதை நோட்டில் எழுதி மூடிவிடாமல், வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாய். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு முதல் மதிப்பெண் அப்போதே விழுந்துவிடும்.

ஆனால் தீர்ப்புக்குக் கொஞ்சம் பொறு. சாட்சியை விசாரிக்காமல் எந்த நீதிபதியாவது தீர்ப்புச் சொல்வாரா? நம் சாட்சி, இஸ்திரிப் பெட்டியின் பின்புறம் இருக்கும் சின்னச் சீட்டு. சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பெட்டி நன்றாக ஆறிய பிறகு அதைப் படித்துப் பார். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 230 வோல்ட், 1000 வாட்.

இரண்டே எண்கள். இவற்றை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, அதன் மின்தடை எத்தனை ஓம் என்று நீயே சொல்லிவிடலாம். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். எப்படி என்று பார்ப்போம், வா.

முதலில் ஒரு மாந்தோப்புக்குப் போவோம். மரத்தடியில் பழைய தகர டப்பா ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. காற்று அடிக்கிறது. மேலிருந்து ஒரு மாம்பழம் விழுகிறது. டங்!

தாழ்ந்த கிளையிலிருந்து விழுந்த பழம் டப்பாவை லேசாகத் தட்டும். உச்சாணிக் கிளையிலிருந்து விழுந்தால் டப்பா நெளிந்துவிடும். அந்த உயரம் மாதிரிதான் மின்னழுத்தம். வீட்டில் ‘வோல்ட்டேஜ்’ என்போமே, அதுதான். அதை வோல்ட்டில் அளக்கிறோம்.

சரி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பழம் விழுகிறது? ஒன்றா, பத்தா? அந்த எண்ணிக்கை மாதிரி மின்னோட்டம். ஒரு விநாடியில் கம்பிக்குள் எத்தனை எலக்ட்ரான்கள் கடந்து போகின்றன என்ற கணக்கு. அதை ஆம்பியரில் அளக்கிறோம். ஓர் ஆம்பியர் என்பது கொஞ்சநஞ்சமில்லை. 6 என்று எழுதி, பக்கத்தில் 18 சுழி போட்டுப் பார். அதைவிடச் சற்று அதிகமான எலக்ட்ரான்கள் ஒவ்வொரு விநாடியும் கடந்து போனால்தான் ஓர் ஆம்பியர்.

இப்போது சொல், அந்தத் தகர டப்பா மொத்தத்தில் எவ்வளவு அடி வாங்கும்? உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. உச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு பழம் விழுந்தால் டப்பா பிழைத்துக்கொள்ளும். எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. ஒரு சாண் உயரத்திலிருந்து நூறு பழம் உருண்டு விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டையும் பெருக்க வேண்டும். உயரம் பெருக்கல் எண்ணிக்கை.

மின்சாரத்திலும் அப்படியேதான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது மின்திறன். வாட்டில் அளக்கிறோம். ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்லும் எண் அது.

வாட் என்பது ஓர் ஆளின் பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் வாட். நீராவி எந்திரத்தை மேம்படுத்தியவர். மின்சாரத்தில் அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேலை நடக்கும் வேகத்தை அளக்கக் ‘குதிரைத்திறன்’ என்ற கணக்கைப் பரப்பியதால் அந்தப் பெருமை அவருக்கு. ஒரு குதிரைத்திறன் 746 வாட். தோட்டத்து 5 எச்.பி. மோட்டார் 3730 வாட் வேலை செய்யும். ஐந்தால் நீயே பெருக்கிப் பார்த்துக்கொள்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. ‘கரன்ட் போயிடுச்சு’, ‘கரன்ட் வந்துடுச்சு’ என்று நாம் எல்லோரும் கத்துகிறோம். உண்மையில் வந்தது வோல்ட்டேஜ்தான்! பழம் கிளையில் தயாராகத் தொங்குகிறது, அவ்வளவுதான். நீ சுவிட்சைப் போட்ட பிறகுதான் மின்னோட்டம், அதாவது கரன்ட், ஓட ஆரம்பிக்கும். இதைச் சொல்லி வீட்டில் யாரையும் திருத்தப் போகாதே. இருட்டில் மெழுகுவத்தி தேடிக் களைத்தவர்கள் அறிவியல் கேட்கிற மனநிலையில் இருக்க மாட்டார்கள்.

இதுவரை புரிந்ததா? புரியவில்லை என்றால் வெட்கமே வேண்டாம். தோப்புக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படி. நான் இங்கேயே நிற்கிறேன்.

இனி மின்தடை. அதற்குத் தோப்பு போதாது. பள்ளிக்கூடம் வேண்டும்.

நாலே கால் மணி. டாங் டாங் என்று கடைசி மணி அடிக்கிறது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறீர்கள். பெரிய கேட் திறந்திருந்தால் சரசரவென்று வெளியே வந்துவிடலாம். வாட்ச்மேன் சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தால்? ஒருவர் பின் ஒருவராக இடித்துப் பிடித்துக்கொண்டுதான் வர முடியும். வீட்டுக்குப் போகும் ஆசை அதே அளவுதான். ஆனால் நிமிடத்துக்கு வெளியே வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

ஆசை, மின்னழுத்தம். வெளியே வருகிற எண்ணிக்கை, மின்னோட்டம். கதவின் குறுகல், மின்தடை. ஒல்லியான கம்பிக்கு மின்தடை அதிகம், தடித்த கம்பிக்குக் குறைவு. நீளமான கம்பிக்கு அதிகம், குட்டைக் கம்பிக்குக் குறைவு. கம்பி எதனால் ஆனது என்பதும் முக்கியம். செம்பு தாராளமாக வழிவிடும். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம், அவ்வளவு எளிதில் விடாது.

மின்தடையைக் கணக்கிட வகுத்தல் போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை. அலகு ஓம். கிரேக்க எழுத்தான ஒமேகாவால் குறிப்பார்கள். பார்ப்பதற்குக் குதிரை லாடம் மாதிரி இருக்கும்.

கவனித்தாயா? அதே இரண்டு எண்கள். பெருக்கினால் மின்திறன். வகுத்தால் மின்தடை. பெருக்கினால் அந்தப் பொருள் இப்போது என்ன வேலை செய்கிறது என்று தெரியும். வகுத்தால் அது எப்படிப்பட்ட பொருள் என்று தெரியும். ஒன்று செயல், ஒன்று குணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் நம் தங்கையின் மாம்பழத்துக்கு வந்த ஆபத்து. அதற்கு வருகிறேன்.

முதலில் சின்னதாக ஒரு கணக்கு. இரண்டு செல் போட்ட பழைய டார்ச். ஒரு செல் ஒன்றரை வோல்ட், இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். உள்ளே குட்டி பல்பு. அதில் 0.3 ஆம்பியர் ஓடுகிறது என்று மீட்டர் காட்டுகிறது. பெருக்கு: 3 பெருக்கல் 0.3, விடை 0.9 வாட். வகு: 3 வகுத்தல் 0.3, விடை 10 ஓம். முடிந்தது! பார், இவ்வளவுதான் விஷயம்.

மீட்டர் என்றதும் நான் செய்த ஒரு தப்பு நினைவுக்கு வருகிறது. வோல்ட்மீட்டரை பல்பின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே பக்கவாட்டில் இணைக்க வேண்டும். அம்மீட்டரையோ மின்னோட்டம் அதன் வழியாகவே போகும்படி வரிசையில் இணைக்க வேண்டும். நான் பத்தாவது படிக்கும்போது ஆய்வகத்தில் அம்மீட்டரை நேராகப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துவிட்டேன். முள் ஒரே துள்ளலில் கோடிக்குப் போய் வளைந்தது. புகையும் வந்தது. ஏன் தெரியுமா? அம்மீட்டரின் மின்தடை மிக மிகக் குறைவு. மின்னோட்டம் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்க வேண்டும், இல்லையா? மிகச் சின்ன எண்ணால் வகுத்தால் விடை மிகப் பெரிதாக வரும். வகுத்தல் தெரியாததால் வந்த புகை அது. சார் திட்டவில்லை. அந்தக் கணக்கைப் பத்து முறை எழுதச் சொன்னார்.

இந்த வகுத்தலை உலகுக்குச் சொன்னவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். கேயார்க் சைமன் ஓம். 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்பவர். அவர் பள்ளியில் அதிகம் படித்ததில்லை. ஆனால் தானே கணிதம் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டறையில் வளர்ந்ததால் ஓமுக்கும் கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கைப்பழக்கம் வந்தது. கொலோன் நகரத்துப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே சோதனைகள் செய்தார்.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காலத்துப் பேட்டரி நிலையாக இருக்காது. சோதனை பாதியில் இருக்கும்போதே சோர்ந்துவிடும். நம் தோப்பில் ஒவ்வொரு பழத்துக்கும் கிளையின் உயரம் மாறிக்கொண்டே இருந்தால் எப்படிக் கணக்குப் போடுவது? பொக்கண்டார்ஃப் என்ற அறிவியல் இதழாசிரியர் ஒரு யோசனை சொன்னார். பிஸ்மத், செம்பு என்ற இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் சின்ன மின்னழுத்தம் வரும். ஓம் ஒரு பக்கத்தைக் கொதிக்கிற தண்ணீரிலும் மறுபக்கத்தை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை, பனி உருகிக்கொண்டிருக்கும் வரை, சூடு மாறாது. மின்னழுத்தமும் மாறாது. எவ்வளவு சாமர்த்தியம் பார்!

பிறகு ஒரே தடிமனில் எட்டுக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். இந்த எண்களில் ஒரு ரகசியம் இருக்கிறது. முதல் எண்ணை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் 2ஐக் கழித்துப் பார். ரகசியம் தானாக வெளியே வரும். ஒவ்வொரு கம்பியாக மாட்டி, காந்த முள் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். கம்பி நீள நீள மின்னோட்டம் எந்தக் கணக்கில் குறைகிறது என்பது பிடிபட்டது. 1827இல் புத்தகமாக வெளியிட்டார்.

உடனே மாலை போட்டார்களா? இல்லை. ஜெர்மனியில் பலர் கண்டுகொள்ளவே இல்லை. மனம் நொந்து வேலையை விட்டார். 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852இல் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார். எனக்கு இதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதே விஷயத்தை 1781 வாக்கில் கண்டுபிடித்திருந்தார். அவரிடம் மீட்டர் இல்லை. தன் உடம்பில் ஷாக் வாங்கி, எது பலமாக இருக்கிறது என்று ஒப்பிட்டார்! யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல் அச்சிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அவரைப் போல நீ முயற்சி செய்யாதே. நமக்குத்தான் மீட்டர் இருக்கிறதே.

சரி, சாட்சியிடம் திரும்புவோம். இஸ்திரிப் பெட்டி, 230 வோல்ட், 1000 வாட். பெருக்கினால் வாட் வரும் என்றால், வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 1000 வகுத்தல் 230. ஏறத்தாழ 4.35 ஆம்பியர். இப்போது மின்தடை: 230 வகுத்தல் 4.35. ஏறத்தாழ 53 ஓம்.

அடுத்த சாட்சி, பூஜை அறை ஜீரோ வாட் பல்பு. இதற்கு எத்தனை வாட்? ‘பெயரிலேயே இருக்கிறதே மாமா, ஜீரோ!’ என்கிறாயா? நில். சுழி வாட் என்றால் மின்னோட்டமும் சுழி. மின்னோட்டமே இல்லாமல் பல்பு எப்படி எரியும்? பார்த்தாயா, கணக்கு தெரிந்தால் பெயர் சொல்லும் பொய்யைக்கூடப் பிடித்துவிடலாம்! அந்தக் குட்டி குண்டு பல்பு பெரும்பாலும் 15 வாட் அளவில் எடுக்கும். பழைய மீட்டர்களில் அந்தச் சின்ன அளவு சரியாகப் பதிவாகாததால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

15 வகுத்தல் 230. சுமார் 0.065 ஆம்பியர். 230ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 3500 ஓம்!

இஸ்திரிப் பெட்டி 53 ஓம். வெதுவெதுப்பான பல்பு 3500 ஓம். தீர்ப்பு வந்துவிட்டது கண்ணு. பந்தயத்தில் ஜெயித்தது அண்ணன்.

முகத்தைத் தொங்கப்போடாதே. காரணத்தைக் கேள். வீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரே 230 வோல்ட்தான். எல்லோரும் ஒரே உயரத்துக் கிளையின் கீழே நிற்கிறோம். யாருக்கு மின்தடை குறைவோ அவருக்குப் பழங்கள் அதிகம் விழும். பழங்கள் அதிகம் விழுந்தால் அடி அதிகம். அதாவது வாட் அதிகம், சூடு அதிகம். டீச்சர் சொன்னது தப்பில்லை. மின்தடை இருந்தால்தான் சூடு வரும். அதற்காக மின்தடை கூடக்கூடச் சூடும் கூடும் என்று அர்த்தமில்லை, மின்னழுத்தம் மாறாத வீட்டில் அது நேர் எதிர். அண்ணனிடம் இந்தக் காரணத்தைக் கேள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் பாதி மாம்பழம் உனக்கு. இதுவும் தீர்ப்பின் ஒரு பகுதிதான்.

அந்த ‘ஜீரோ’வை இரவும் பகலும் எரிய விட்டால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 15 வாட் பெருக்கல் 24 மணி, அதாவது 360 வாட்-மணி. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அறுபது நாளில் 21.6 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதில் ஐந்தில் ஒரு பங்கை ‘ஜீரோ’வே தின்றுவிடுகிறது! பாட்டியிடம் பக்குவமாகச் சொல். எல்.இ.டி.யில் வரும் குட்டி பல்பு அரை வாட்டிலேயே எரியும்.

இன்னொரு வேடிக்கை. கோடைக்காலச் சாயங்காலம். தெருவில் எல்லோரும் ஏ.சி. போட்டுவிட்டார்கள். ‘லோ வோல்ட்டேஜ்’ என்று அப்பா முணுமுணுக்கிறார். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பாதி, 115 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி இப்போது எத்தனை வாட் தரும்?

‘500’ என்றுதானே சொன்னாய்? நானும் உன் வயதில் அப்படித்தான் சொன்னேன். விடை 250.

எப்படி? மின்தடை அதே 53 ஓம். தள்ளும் அழுத்தம் பாதியானதால் மின்னோட்டமும் பாதியாகிறது. கிளையின் உயரமும் பாதி, விழும் பழங்களும் பாதி. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். அதனால்தான் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே தோசைக்கு வைத்த மின்சார அடுப்பு சோம்பிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 184 வோல்ட் வந்தால் 1000 வாட் 640 ஆகிவிடும்.

இதே கணக்கு எதிர்ப் பக்கம் ஏறும்போது கையைச் சுடும். நிஜமாகவே சுடும். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். காலையில் ஆளாளுக்குச் சட்டை தேய்க்க வேண்டும். இருந்தது ஒரே பிளக் பாயின்ட். நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒல்லியான ஒயர் போட்ட நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுவந்து இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை மாட்டினேன். சித்தி காப்பிக்கு மின்சாரக் கெட்டிலையும் மாட்டினார். பத்து நிமிடத்தில் ரப்பர் கருகும் வாசனை. நல்லவேளை, பெரியப்பா ஓடிவந்து மெயினை அணைத்தார்.

என்ன நடந்தது? அந்த ஒயருக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. அரை ஓம் என்று வைத்துக்கொள். காற்றாடி நூல் விரல் வழியாக வேகமாக ஓடும்போது சுடுமே, அதுபோல மின்னோட்டம் ஓடும் ஒயரும் சுடும். எவ்வளவு சுடும்? மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்கு. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட விதி இது.

ஒரு பெட்டி மட்டும்: 4.35 ஆம்பியர், ஒயரில் ஒன்பதரை வாட். பரவாயில்லை. இரண்டு பெட்டி: 8.7 ஆம்பியர். ஒயரில் 38 வாட்! மின்னோட்டம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. 1500 வாட் கெட்டிலும் சேர்ந்தபோது 15 ஆம்பியரைத் தாண்டியது. ஒயரில் மட்டும் ஏறத்தாழ 116 வாட். சுருட்டி வைத்த ஒயருக்குள் ஒரு பெரிய குண்டு பல்பை ஒளித்து வைத்த மாதிரி. கருகாமல் என்ன செய்யும்?

அதனால்தான் வீட்டில் சின்ன பிளக், பெரிய பிளக் என்று இரண்டு வகை. சின்னது 6 ஆம்பியர். 230 பெருக்கல் 6, ஆக 1380 வாட் வரைதான் அது தாங்கும். 2000 வாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வேண்டும். அதற்கு 16 ஆம்பியர் பெரிய பிளக்தான் சரி.

ஊருக்கு வெளியே வானத்தைத் தொடும் கோபுரங்களில் போகிற கம்பிகளையும் பார்த்திருப்பாய். அங்கே 2,30,000 வோல்ட்கூட இருக்கும். ஏன் அவ்வளவு? அதே வாட்டை அனுப்ப, வோல்ட்டை ஆயிரம் மடங்கு ஏற்றினால் ஆம்பியர் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். வழியில் வீணாகும் சூடு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கு, தெரியும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கணக்கு சூடாகும் பொருள்களுக்கு நன்றாக ஒத்துவரும். மின்விசிறி, மிக்ஸி போன்ற மோட்டார்களுக்கும் எல்.இ.டி. பல்புக்கும் அப்படியே பொருந்தாது. அங்கே வேறு சில விஷயங்கள் குறுக்கே வரும். மேல் வகுப்பில் படிப்பாய். பழைய குண்டு பல்பும் ஒரு குறும்புக்காரன்தான். 60 வாட் பல்பு எரியும்போது ஏறத்தாழ 880 ஓம். அணைந்து ஆறிய பிறகு மீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது! உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறினால் மின்தடையும் ஏறிவிடும். அதனால்தான் சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மின்னோட்டம் குபீரென்று பாய்கிறது. பழைய பல்பு பெரும்பாலும் அந்த நொடியில்தான் ‘டப்’பென்று உயிரை விடும்.

உன் உடம்புக்கும் மின்தடை உண்டு. உலர்ந்த தோலுக்குப் பல ஆயிரம் ஓம். நனைந்துவிட்டால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வகுத்தல் 1000, 0.23 ஆம்பியர். பார்க்கச் சின்ன எண். ஆனால் இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியரே போதும். வீட்டில் உயிர்காக்க மாட்டும் டிரிப்பர் 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அம்மா கத்துவது இந்த வகுத்தலைத்தான். காற்றாடி மின்கம்பியில் மாட்டிக்கொண்டதா? போகட்டும், விட்டுவிடு. வேறு காற்றாடி செய்துகொள்ளலாம்.

இனி உன் முறை. வீட்டில் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர் மூன்றின் சீட்டையும் படி. ஆம்பியரும் ஓமும் கண்டுபிடித்து எழுதி அனுப்பு.

மாம்பழம் தோற்ற தங்கைக்குத் தனியாக ஒரு கேள்வி. 60 வாட், 100 வாட் என்று இரண்டு குண்டு பல்புகள். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைத்து 230 வோல்ட் கொடுத்தால், எது அதிகப் பிரகாசமாக எரியும்? வரிசையில் இருப்பதால் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதை மறக்காதே. அண்ணனிடம் முதலில் கேள். அவன் யோசிக்காமல் ‘100 வாட்தான்’ என்று சொன்னால், உடனே ஒரு மாம்பழம் பந்தயம் கட்டு. கணக்கு மட்டும் காகிதத்திலேயே இருக்கட்டும், பிளக் பக்கம் போகக் கூடாது. விடையை அடுத்த அஞ்சலட்டையில் எதிர்பார்க்கிறேன்.